கொலம்பியாவோட காலிங்கற ஊர்ல சல்சா நைட்டுக்கு தனியா போகலாமா, சென்னைல கத்துக்கிட்டது அங்க உதவுமா?

கேள்வி கேட்ட தம்பி கோயம்புத்தூர்ல அக்ரி முடிச்சவர், கொலம்பியால காலிக்கு பக்கத்துல பல்மீராவுல இருக்கற சியாட்ங்கற விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு ரெண்டு வருஷம் போஸ்ட்டாக் போறாராம். சல்சாங்கற லத்தீன் ஜோடி ஆட்டத்துக்கு சென்னைல கொஞ்ச நாள் கிளாஸ் போயிருக்கார், ஸ்பானிஷ் தெரியாது, குடிக்க மாட்டார், மனைவி ஆறு மாசம் கழிச்சுதான் வர்றாங்க. தனியா கிளப்புக்கு போனா ஒரு மாதிரி பாப்பாங்களா, கத்துக்கிட்டது உதவுமா, ராத்திரி சேஃபா, மனைவி வந்தப்புறம் எப்படி, இவ்வளவும் கேட்டிருக்கார். நான் அந்த ஊர்ல பல வருஷம் வேலை பாத்தவன், ராத்திரியும் சுத்தினவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

தனியா போறதுக்கு யோசிக்கவே வேணாம் தம்பி. காலில சல்சா கிளப்புக்கு போறதுன்னா நம்மூர்ல பப்புக்கு போற கணக்கு இல்ல, அப்பா அம்மா சித்தி பாட்டின்னு குடும்பமா வந்து ஒரு டேபிள்ல உக்காந்திருப்பாங்க, பக்கத்து டேபிள்ல காலேஜ் பசங்க, அதுக்கடுத்த டேபிள்ல தனியா ஒரு பெரியவர் கைல மாட்டு மணி மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு பாட்டுக்கு தட்டிக்கிட்டு இருப்பார். அந்த மணியை அங்க கம்பானான்னு சொல்வாங்க, வீட்லேருந்து சொந்தமா எடுத்துட்டு வருவாங்க, சில பேர் குலுக்கி வாசிக்கிற மராக்காஸ், சில பேர் சுரண்டி வாசிக்கிற குயிரோ. டீஜே போடறது ரெக்கார்டட் பாட்டுதான், ஆனா கூட்டத்துல நாலு பேர் கூடவே வாசிப்பாங்க, அதுவும் ஏனோதானோன்னு இல்ல, பாட்டுல மணி எங்க மாறுதோ அங்க கரெக்டா மாறுவாங்க. முதல் நாள் ஆடவே வேணாம், இவங்க பக்கத்துல உக்காந்து அந்தக் கையை மட்டும் பாருங்க. கிளாஸ்ல எவ்வளவு சொன்னாலும் வராத விஷயம் அது.

இப்ப சென்னைல கத்துக்கிட்டதுக்கு வர்றேன். நம்மூர்ல பெரும்பாலும் சொல்லிக் குடுக்கறது லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டைல், அதாவது தாளத்தோட ஒண்ணாவது எண்ணிக்கைல ஆரம்பிச்சு ஒரு நேர்கோட்டுக்குள்ள பொண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அனுப்பி சுத்த விடறது. சில இடத்துல நியூயார்க்கோட ஆன் டூ, அதாவது ரெண்டாவது எண்ணிக்கைய வச்சு ஆடறது, எட்டி டோரஸ்ங்கற டான்ஸ் வாத்தியார் வழியா உலகம் பூரா பரவினது. காலில ரெண்டுமே பாதிதான் உதவும். அங்க ஜோடி கிட்டக்க நிக்கும், உடம்பு மேல்பாதி அமைதியா இருக்கும், முட்டிக்குக் கீழதான் எல்லா வேலையும், காலை முன்னாடி வைக்கறதை விட பின்னாடியும் பக்கவாட்டுலயும் தட்டுவாங்க, நாலாவது எட்டாவது எண்ணிக்கைல நாம சும்மா நிக்கற இடத்துல கூட அவங்க பாதம் ஒரு தட்டு தட்டிட்டுப் போகும். இடமும் இருக்காது, டேபிளுக்கு டேபிள் நடுவுல ரெண்டடி சந்து, அதுல நீங்க கோடு போட்டு பொண்ணை அனுப்பினா பக்கத்து டேபிள் பாட்டில் மேலதான் போய் விழுவாங்க. சென்னைல காசு குடுத்து கத்துக்கிட்ட பதினஞ்சு சுத்துல ரெண்டை வச்சுக்கிட்டு மிச்சத்தை மறந்துடுங்க. அங்க வர்ற வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் இதுலதான் மாட்டிக்கறாங்க, ஒரு பாட்டுக்குள்ள தெரிஞ்சதையெல்லாம் காட்டிடணும்னு சுத்தோ சுத்துன்னு சுத்தி விடுவாங்க, அந்தப் பொண்ணு மரியாதைக்கு சிரிச்சுக்கிட்டே முடிச்சுட்டு அடுத்த பாட்டுக்கு காணாமப் போயிடும்.

அந்த வேகம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஆட்டம் சீக்கிரம் புரியும். சல்சாங்கற பேரும் வியாபாரமும் நியூயார்க்ல உருவானது, க்யூபா, போர்ட்டோ ரிக்கோ இசையை எடுத்து அங்க குடியேறின பசங்க போட்டது, ஃபானியா ரெக்கார்ட்ஸ்ங்கற கம்பெனிய 1964ல ஆரம்பிச்சாங்க. அந்த ரெக்கார்டெல்லாம் கப்பல்காரங்க கையோட பசிபிக் கடலோர துறைமுகம் புவேனாவெந்தூராவுக்கு வந்து, அங்கேருந்து மலை ஏறி காலிக்கு வந்துச்சு. 60கள்ல பச்சாங்கா, பூகலூங்கற ஆட்டப் பாட்டெல்லாம் காலி பசங்களுக்கு மெதுவா பட்டிருக்கு, அதனால நிமிஷத்துக்கு 33 சுத்து வேகத்துல ஓட வேண்டிய தட்டை 45ல ஓட விட்டாங்க. கீச்சுக் குரல்ல பாடுச்சு, யாரும் கவலைப்படல, கால் அதுக்கு ஈடு குடுத்துச்சு. அந்தக் கால்தான் இன்னைக்கு காலி ஸ்டைல்னு உலகம் பூரா போட்டில ஜெயிச்சுக்கிட்டு இருக்கு. 1968 டிசம்பர்ல ரிச்சி ரே, பாபி க்ரூஸ்ங்கற சல்சா இசை ஜோடி அந்த ஊர் திருவிழாவுக்கு வந்து வாசிச்சதை இன்னைக்கும் பெருசுங்க நேத்து நடந்த மாதிரி சொல்வாங்க, அம்பாரோ அர்ரெபாத்தோன்னு காலில ஒரு டான்சர் இருந்தாங்க, அவங்க ஆட்டத்தைப் பாத்துட்டு அவங்க பேர்லயே பாட்டு போட்டாங்க இவங்க ரெண்டு பேரும். ஊர்ல ஆடின ஒரு பொண்ணு மேல பாட்டு வந்து அது ஊர் சொத்தாவே ஆயிடுச்சு.

அதனால என் பேச்சைக் கேட்டா, கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டெப் வீடியோ பாக்கறதை நிறுத்திட்டு பாட்டைக் கேளுங்க. பஸ்ல, சமையல் பண்றப்ப, லேப்ல, எப்பவும். க்ரூப்போ நிச்சே, குவாயகான், ஃப்ரூகோ இ சுஸ் தேசோஸ், எக்தர் லவோ பாடி வில்லி கொலோன் வாசிச்சது, போர்ட்டோ ரிக்கோவோட எல் கிரான் கொம்போ, சொனோரா பொன்சேன்யா, இவ்வளவு போதும் ஆறு மாசத்துக்கு. இதுல க்ளாவேன்னு ரெண்டு குச்சிய தட்டற ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும், எட்டு எண்ணிக்கைக்குள்ள அஞ்சு தட்டு, ஒரு பாதில மூணு இன்னொரு பாதில ரெண்டு, சில பாட்டுல ரெண்டு முதல்ல வரும். நிறைய நேரம் அந்தக் குச்சிச் சத்தம் கேக்கவே கேக்காது, ஆனா மத்த எல்லாரும் அதை மனசுல வச்சுத்தான் வாசிப்பாங்க, கச்சேரில முன்வரிசை மாமா தொடைல தாளம் போட்டுக்கிட்டு இருக்க பாடறவர் அவரைப் பாக்காமலே சரியா வந்து சேருவாரே, அந்த மாதிரி. சின்ன வயசுல மிருதங்கமோ பாட்டோ கொஞ்சம் போயிருந்தீங்கன்னா உங்களுக்கு இது ரொம்ப சீக்கிரம் பிடிபடும், ஆனா நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி இருக்கு, தாளம் புரிஞ்ச உடனே வாய்ல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க, எதிர்ல நிக்கற பொண்ணுக்கு உதடு அசையறது தெரியும். எண்ணாதீங்க. பாட்டு தெரிஞ்சிருந்தா எண்ண வேண்டிய அவசியமே இல்ல, பாட்டு சட்டுன்னு நிக்கற பிரேக் எங்க வரும்னு முன்னாடியே தெரியும், அந்த இடத்துல சும்மா நின்னாலே கூட ஆடறவங்களுக்கு புரிஞ்சுடும், "இவனுக்குப் பாட்டு தெரியும்டா"ன்னு முகம் மாறும் பாருங்க. காலில மரியாதை அதுக்குத்தான்.

இடம் சொல்றேன். லா தோப்பா தொலோந்த்ரா, ஐந்தாம் தெருவுல இருக்கு, சுவர் பூரா ஓவியம், வெளிநாட்டுக்காரங்களும் உள்ளூர்க்காரங்களும் கலந்து வருவாங்க, புதுசா வர்றவங்களுக்கு இதைவிட சுலபமான இடம் கிடையாது, யாரும் யாரையும் கூப்பிடுவாங்க. சப்பெரோக்கோ வடக்குப் பக்கம், சின்ன இடம், ஃபேன் காத்துக்கு அடில நிக்க சண்டையே நடக்கும், ஆனா பாட்டு தேர்வுக்கு அதுதான் எனக்குப் பிடிச்சது. தின் தின் தேயோ பழைய இடம், யுனிவர்சிட்டி ஆளுங்க, வாத்தியாருங்க, கொஞ்சம் வயசானவங்க வருவாங்க. எந்த நாள் லைவ் பேண்ட், எந்த நாள் கூட்டம்னு மாறிக்கிட்டே இருக்கும், அவங்க இன்ஸ்டாகிராம்ல பாத்துட்டு போங்க. பத்து மணிக்கு முன்னாடி போனா வெயிட்டர்தான் இருப்பார். இன்னொண்ணு, வாசல்ல க்ராஸ்ஓவர்னு எழுதியிருந்தா அங்க ரெகேட்டோன், மெரெங்கே, எலக்ட்ரானிக்னு எல்லாம் கலந்து வரும், ஒரு மணி நேரத்துல நாலு சல்சா பாட்டு வந்தா அதிர்ஷ்டம். சல்சோதேக்கான்னு எழுதியிருக்கற இடமா பாத்து நுழைங்க. காலி ஊருக்குள்ள கடையை மூடினதும் கூட்டம் மெங்கா பக்கமோ ஹுவான்சித்தோ பக்கமோ விடிய விடிய ஆட கிளம்பும், ரெண்டும் காலி முனிசிபாலிட்டி எல்லைக்கு வெளிய இருக்கறதாலதான் விடிய விடிய ஆடற இடம்னு பேர் எடுத்துச்சு. ஹுவான்சித்தோ கௌக்கா ஆத்துக்கு அந்தக் கரை, ஒரு காலத்துல சல்சாவுக்கே பேர் போன இடம், இப்ப பழைய மவுசு இல்ல. ரெண்டுக்கும் முதல் சில மாசம் போகாதீங்க, உள்ளூர் நண்பர்கள் கூட்டிட்டு போனா மட்டும் போங்க.

என் அனுபவத்துல ஊர் பூரா கிளப் கிளப்பா தாவறதை விட ஒரே இடத்துக்கு திரும்பத் திரும்ப போறதுதான் வேலைக்காகும். வாரம் ஒரு நாள், அதே கிழமை. வாசல்ல நிக்கறவர், வெயிட்டர், மணி அடிக்கிற பெரியவர், எப்பவும் அதே மூலைல நிக்கற நாலு அக்காமாருங்க, இவங்களுக்கு உங்க முகம் பழகிடுச்சுன்னா அப்புறம் நீங்க யாரையும் கூப்பிட வேண்டியதே இல்ல, அவங்களே கையைப் பிடிச்சு இழுப்பாங்க, காலை இப்படி வைன்னு சிரிச்சுக்கிட்டே அதட்டுவாங்க. இந்தியாவா, உங்க ஊர்ல இதெல்லாம் இருக்கான்னு கேப்பாங்க, உடனே ஷாருக் கான் வருவார் பேச்சுல, தமிழ் வேற ஹிந்தி வேறன்னு அந்தச் சத்தத்துல விளக்கிக்கிட்டு இருக்காதீங்க.

ஆட கூப்பிடறதுக்கு "பைலாமோஸ்?"னு ஒரு வார்த்தை, கையை நீட்டினா அதுகூட வேணாம். பொண்ணு யாரோடயாவது உக்காந்திருந்தா கூட இருக்கறவரைப் பாத்து லேசா ஒரு தலையாட்டல், ஆனா கேக்கறது பொண்ணுகிட்டதான். இல்லன்னு சொன்னா இல்லதான், சிரிச்சுட்டு நகந்துடணும், கால் வலியா இருக்கும், பாட்டு பிடிக்காம இருக்கும், உங்களையே பிடிக்காம இருக்கும், ஆராய்ச்சி பண்ண வேணாம். பாட்டு முடிஞ்சதும் க்ராசியாஸ் சொல்லிட்டு டேபிள் வரைக்கும் கொண்டு போய் விடுங்க, நடுவுல விட்டுட்டு வர்றது அங்க அநாகரிகம். ஒருத்தர் நல்லா ஆடினாங்கன்னு தொடர்ந்து நாலு பாட்டு பிடிச்சு வைக்காதீங்க. ஆடறப்ப கிட்டக்க நிக்கறது, சிரிக்கறது, கண்ணைப் பாக்கறது எல்லாம் ஆட்டத்தோட சேர்ந்தது, அதோட முடிஞ்சது, இதை வேற மாதிரி எடுத்துக்கிட்டு வாட்சப் நம்பர் கேட்டு தொந்தரவு பண்ணி பேரைக் கெடுத்துக்கிட்ட நம்மாளுங்க சில பேரை எனக்குத் தெரியும், அந்தக் கிளப்ல அதுக்கப்புறம் எந்த இந்தியன் போனாலும் முதல் பத்து நிமிஷம் ஒரு சந்தேகப் பார்வைதான்.

குடிக்கறதில்லன்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல. அங்க சோம்பு வாசனை அடிக்கிற அகுவார்தியெந்தேதான் டேபிளுக்கு டேபிள் இருக்கும், அரை பாட்டில் வாங்கி நடுவுல வச்சு சின்னச் சின்ன கப்புல எல்லாருக்கும் ஊத்துவாங்க, உங்களுக்கும் நீட்டுவாங்க. "நோ தோமோ"ன்னா போதும், ஒரு தடவை ஆச்சரியப்படுவாங்க அவ்வளவுதான். தண்ணி பாட்டில் நாலு வாங்கி டேபிள்ல வச்சுடுங்க, ராத்திரி ஒரு மணிக்கு உங்களுக்குத்தான் டிமாண்டு. நிஜமாவே நல்லா ஆடறவங்க பல பேர் வெறும் பச்சைத் தண்ணிதான் குடிக்கறாங்க, இது உள்ள போனப்புறம் தெரியும்.

சேஃப்டி விஷயத்துல விளையாடாதீங்க. கிளப்புக்குள்ள பயம் ரொம்ப கம்மி, வெளியதான். போன் கைல வச்சுக்கிட்டு தெருவுல நிக்காதீங்க, வண்டிய ஆப்ல புக் பண்ணிட்டு அது வாசலுக்கு வந்தப்புறம் வெளிய வாங்க, ரெண்டு தெரு தள்ளித்தானேன்னு நடக்காதீங்க. பஸ்சு, மியோன்னு சொல்வாங்க, ராத்திரி நீங்க திரும்பற நேரத்துக்கு ஓடாது. பாஸ்போர்ட் வீட்ல, நகல் மட்டும் கைல, ஒரே ஒரு கார்டு. முக்கியமா, உங்க கண் முன்னாடி திறக்காத எதையும் குடிக்காதீங்க, ஜூசா இருந்தாலும் சரி. ஸ்கோபோலமின்னு ஒரு மருந்தைக் கலந்து குடுத்து, நினைவே இல்லாம ஆளையே ஏடிஎம்முக்கு கூட்டிட்டு போய் காலி பண்ற கதை கொலம்பியால புதுசு இல்ல, டேட்டிங் ஆப்ல அறிமுகமான ஆளை முதல் தடவையே வீட்டுக்கு கூப்பிட்டு மாட்டினவங்கதான் இதுல அதிகம். பர்ரியோ ஒப்ரேரோன்னு ஒரு பேட்டை, சல்சாவோட பழைய வேர் அங்கதான், சல்சா மியூசியமும் அங்க இருக்கு, பகல்ல கண்டிப்பா போங்க, ராத்திரி ஊர்க்காரர் துணை இல்லாம வேணாம்.

வீடு எங்க எடுக்கறதுன்னு யோசிப்பீங்க. சியாட் இருக்கறது காலி பல்மீரா நேர் ரோட்டுல 17வது கிலோமீட்டர்ல, ரெண்டு பக்கமும் கரும்பு. கரும்பு ஆராய்ச்சிக்கு பேர் போன கோயம்புத்தூர்லேருந்து போறீங்க, அங்க பன்னண்டு மாசமும் வெட்டு நடக்கறதைப் பாத்து அசந்து போவீங்க. பல்மீராலயே தங்கினா வேலைக்கு சுலபம், ஆனா ராத்திரி வாழ்க்கை போச்சு, காலில சான் அந்தோனியோ பக்கம் எடுத்தீங்கன்னா சாயங்காலம் மலைலேருந்து காத்து இறங்கும், லா தோப்பா கிளப்பும் வண்டில அஞ்சு நிமிஷம். நான் காலில எடுங்கன்னுதான் சொல்வேன்.

மனைவி வந்தப்புறம்னு கேட்டீங்க. இதை அவங்க வர்றதுக்கு முன்னாடியே போன்ல பேசிடுங்க. அங்க ஜோடியா போனா ஜோடி கூட மட்டும்தான் ஆடணும்னு வழக்கம் இல்ல, அவங்களை அஞ்சு பேர் வந்து கூப்பிடுவாங்க, ஒரு எழுபது வயசு தாத்தாவும் அதுல இருப்பார், உங்களை விட நல்லா ஆடுவார். அதுக்கு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு மூலைல உக்காந்த நம்மூர் கணவர்களை நிறைய பாத்துட்டேன். ஆடறதா இல்லையாங்கறதை அவங்களே முடிவு பண்ணட்டும், பிடிக்கலைன்னா நோ க்ராசியாஸ் சொல்லத் தெரிஞ்சா போதும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஸ்கூல்ல சேருங்க, ஆனா கிளாஸ்ல ரெண்டு பேரும் வேற வேற ஆளோட ஆடிப் பழகுங்க, புருஷன் பொண்டாட்டி ஒருத்தருக்கொருத்தர் திருத்த ஆரம்பிச்சா சல்சா போய் சண்டைதான் மிஞ்சும். ஸ்கூலுக்கு ஊர்ல பஞ்சமே இல்ல. ஸ்விங் லத்தீனோன்னு பெரிய குழு, 2020ல சூப்பர் பவுல்ங்கற அமெரிக்க ஃபுட்பால் ஃபைனலோட இடைவேளை நிகழ்ச்சில ஆடினவங்க, இந்த மாதிரி குழுவுல நிறைய பேர் ஏழைப் பேட்டைங்கள்லேருந்து வந்த பசங்க, சின்ன வயசுலேருந்து நாள் பூரா பயிற்சி. அவங்க வேகத்தைப் பாத்து நாமளும் ஆகணும்னு நினைக்காதீங்க, அது மேடைக்கு. டேபிள் சந்துல ஆடறதுக்கு தனி டீச்சர் ஒருத்தரைப் பிடிச்சு "எனக்கு ஷோ வேணாம், கிளப்ல ஆடணும்"னு முதல் நாளே சொல்லிடுங்க, இல்லன்னா தூக்கிப் போட்டு பிடிக்கற வித்தை சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க.

ராத்திரி கூட்டமே ஒத்துக்காதுன்னு மனைவி சொன்னாங்கன்னா வியெஹோதேக்கா கூட்டிட்டு போங்க. பெரியவங்களுக்காக பகல்ல நடக்கற ஆட்டம், பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான் முதல்ல பாத்தப்ப எனக்கு எதிர் டேபிள்ல ஒரு அம்மா, காதுல பெரிய தோடு, கைத்தடிய நாற்காலில சாத்தி வச்சுட்டு எழுந்து போனாங்க, கருப்பு வெள்ளை ஷூ போட்ட ஒரு தாத்தா கூட ரெண்டு பாட்டு, இடுப்புக்கு மேல ஒண்ணும் அசையல, கால் மட்டும் தையல் மிஷின் ஊசி கணக்கா போகுது, முடிச்சுட்டு வந்து மறுபடி தடிய ஊனிக்கிட்டு பாத்ரூமுக்கு மெதுவா நடந்து போனாங்க. தட்டை 45ல ஓட விட்டு ஆடின தலைமுறை அதுதான். காலி ஆட்டம் எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க இவங்களைத்தான் பாக்கணும், போட்டில ஆடற பசங்களை இல்ல.

டிசம்பர்ல லீவு போட்டு ஊருக்கு ஓடிடாதீங்க, முதல் வருஷமாவது இருங்க. 25லேருந்து 30 வரைக்கும் காலி திருவிழா. 1956 ஆகஸ்ட்ல ராணுவ லாரிங்கள்ல இருந்த டைனமைட் வெடிச்சு ஊரே உருக்குலைஞ்சு ஆயிரத்துக்கும் மேல பேர் செத்தாங்க, அடுத்த வருஷ டிசம்பர்ல சனங்களை எழுப்பி உக்கார வைக்கறதுக்குன்னு ஆரம்பிச்ச திருவிழா அது. முதல் நாள் சல்சோத்ரோமோ, ஸ்கூல் ஸ்கூலா தெருவுலயே ஆடிக்கிட்டு ஊர்வலமா வருவாங்க. எனக்கு அதைவிட பிடிச்சது ரெக்கார்டு சேக்கறவங்க கூடற நிகழ்ச்சி, ஆளாளுக்கு வீட்டு வினைல் தட்டைத் தூக்கிட்டு வந்து மாத்தி மாத்தி போடுவாங்க, யாருமே கேட்டிராத பாட்டு ஒண்ணு போட்டா கூட்டமே திரும்பிப் பாக்கும், அப்ப அவர் முகத்தைப் பாக்கணுமே. 1984ல க்ரூப்போ நிச்சே போட்ட காலி பச்சாங்கேரோ அந்த வாரம் பூரா டாக்ஸி, கடை, பால்கனின்னு எங்க போனாலும் ஓடும், வரி தெரியாம நிக்கறது நீங்க மட்டும்தான் இருப்பீங்க, அதை மட்டுமாவது மனப்பாடம் பண்ணிக்கிட்டு போங்க. ஆகஸ்ட்ல பெத்ரோனியோ ஆல்வாரெஸ் விழா வரும், அது சல்சா இல்ல, பசிபிக் கரையோட கறுப்பின மக்களோட மரிம்பா இசை, மரக்கட்டைய தட்டி வாசிக்கிறது, கும்பல் கும்பலா கைக்குட்டைய சுத்திக்கிட்டு குதிப்பாங்க. கண்டிப்பா போங்க.

சாப்பாடு சைவம்னா கொஞ்சம் திண்டாட்டம்தான், ராத்திரி கிளப் வாசல்ல விக்கற எம்பனாதாங்கற பொரிச்ச பலகாரத்துல கறி இருக்கும். சூடா பன்தேபோனோங்கற சீஸ் ரொட்டி, பழுத்த நேந்திரங்காய்ல சீஸ் வச்சு பொரிச்ச அபோர்ராஹாதோ, குடிக்க லுலோ பழத்துல பண்ற லுலாதா, வெல்லம் போட்ட சம்பூஸ். பசி அடங்கிடும்.

ஷூ பத்தி ஒண்ணு. சென்னைல வாங்கின டான்ஸ் ஷூவை தூக்கிட்டு போக வேணாம், அங்க பாதிப் பேர் சாதா ஸ்னீக்கர்லதான் ஆடறாங்க, ரப்பர் அடி ரொம்ப ஒட்டினா சுத்தறப்ப முட்டி போயிடும், அதனால அடி தேஞ்ச பழைய ஜோடியே நல்லது. பைல ஒரு துண்டு, மாத்திக்க ரெண்டு சட்டை, டியோடரண்ட். காலி ராத்திரி நம்மூர் மாதிரியே வேர்க்கும், நனைஞ்ச சட்டையோட போய் பைலாமோஸ்னு கேட்டா யாரும் வர மாட்டாங்க.